மாட்டுக் கொட்டிலில் பிறந்த விஞ்ஞானம்

யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்களில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாள் ஏறத்தாழ ஒரு தீர்ப்பு நாள். உயிரியற் பிரிவிற் படித்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்குமா என்பதே அயலவரும் உறவினரும் கேட்கும் முதற் கேள்வி. பல் வைத்தியம் என்றால் ஓரளவு ஆறுதல். மிருக வைத்தியம் என்றால் ஒரு கணம் மௌனம் நிலவும். பிறகு, "பரவாயில்லை, அடுத்த முறை திரும்ப எடுத்துப் பார்க்கட்டும்" என்று ஒருவர் சொல்வார். அத்துறைக்குப் போனவருக்கு எங்கள் ஊர்களில் வழங்கும் பெயர் "மாட்டு டாக்குத்தர்". அந்தப் பெயரில் மரியாதை குறைவு, சிரிப்பு அதிகம்.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பிழையான வரலாற்றுக் கணக்கு இருக்கிறது. மனித வைத்தியமே முதன்மையான துறை, மிருக வைத்தியம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கிளை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தொற்றுநோய்களைப் பொறுத்தவரை நடந்தது வேறு. வைரசு, தடுப்பூசி, தனிமைப்படுத்தல் என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் கருத்துக்களுட் பல, மாட்டுக் கொட்டிலிலும் கோழிப் பண்ணையிலும் உருப்பெற்றவை. ஆகவே தொற்றுநோய் ஆராய்ச்சியை நாடும் ஒரு மிருக வைத்திய மாணவர் பக்கத்து வீதியில் நிற்பவர் அல்லர். நேர் வழியிலேயே நிற்பவர். அதற்கு ஆதாரமான சில செய்திகளைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1898: இணுவிலும் ஐரோப்பாவும்

யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே செல்பவர் கொக்குவில், தாவடி கடந்து இணுவிலை அடைவார். தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பேர்போன ஊர். செம்மண் தோட்டங்களும் புகையிலைச் செய்கையும் அதன் பொருளாதாரம். அந்தத் தோட்டங்களுக்கு எருவும் உழவும் வண்டியும் தந்தவை மாடுகள். வைத்தியத்திலும் இணுவிலுக்குத் தொடர்பு உண்டு. அவ்வூர்ப் பிள்ளையார் கோயில் ஒன்று யாழ்ப்பாண மன்னனின் பெயரால் பரராஜசேகரப் பிள்ளையார் கோயில் என வழங்குகிறது. பரராசசேகரம் என்பது யாழ்ப்பாண அரசர் காலத்துத் தமிழ் வைத்திய நூலின் பெயரும் ஆகும். பின்னாளில் அமெரிக்க மிசனைச் சார்ந்தோர் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அங்கே மக்லியொட் ஆஸ்பத்திரியைத் திறந்தனர். அது 1898 ஆம் ஆண்டு. "இணுவில் ஆஸ்பத்திரியிற் பிறந்தவர்" என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் இன்று உலகெங்கும் பரந்திருக்கிறார்கள்.

அதே 1898 இல் ஐரோப்பாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒல்லாந்தில் பெய்ஜெரிங்க் என்ற அறிஞர் புகையிலை இலையில் தேமல் விழும் நோயை ஆராய்ந்தார். பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியினூடாகச் சென்ற சாறும் நோயைப் பரப்புவதைக் கண்டு, இது திரவ வடிவிலான ஒரு தொற்றுப்பொருள் என்று எழுதினார். ஜேர்மனியில் லொவ்லர், புறொஷ் என்ற இருவர் மாடுகளின் கால்வாய் நோயை எடுத்துக்கொண்டார்கள். நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை வடிகட்டிக் கன்றுகளுக்குச் செலுத்தியபோது அவையும் நோயுற்றன. விலங்குகளில் நோய் விளைக்கும் வைரசு ஒன்று உண்டென்று நிறுவப்பட்டது அப்போதுதான். மனிதரில் நோய் உண்டாக்கும் வைரசு ஒன்று, மஞ்சட் காய்ச்சலின் வைரசு, அதன் பின்னர் 1901 இல் அடையாளம் காணப்பட்டது.

புகையிலையும் மாடும் இணுவிற் தோட்டக்காரரின் அன்றாடச் சொத்துக்கள். வைரசு ஆராய்ச்சி என்ற துறை முழுவதும் இந்த இரண்டின் நோய்களிலிருந்தே தொடங்கியது என்பதை எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

ஒரு கொள்ளைநோயும் ஒரு கல்லூரியும்

மிருக வைத்தியக் கல்வியின் தோற்றமே ஒரு தொற்றுநோயின் விளைவு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாடுகளை ஒரு கொள்ளைநோய் அலை அலையாக அழித்தது. தமிழகத்தில் வெக்கை நோய் என வழங்கும் நோய் அது. காய்ச்சல், வாயிற் புண், கடும் கழிச்சல் என்று தொடங்கி ஒரு வாரம் பத்து நாட்களில் மாடு இறந்துபோகும். உழவு மாடு இறந்தால் வயல் தரிசாகும். வயல் தரிசானால் பஞ்சம் வரும். 1761 இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா என்பவர் உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவ அனுமதி பெற்றபோது, மாடுகளின் நோய்களைத் தடுப்பது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

அதற்கும் அரை நூற்றாண்டு முன்னர், பாப்பரசரின் வைத்தியரான லான்சிசி இந்த நோயைக் கட்டுப்படுத்தக் கடுமையான விதிகளை வகுத்திருந்தார். நோயுற்ற மாடுகளைக் கொன்று புதைத்தல், மாடுகளின் நடமாட்டத்தைத் தடுத்தல், சந்தைகளை மூடுதல் என்பன அவை. 2020 இல் நாம் வீட்டுக்குள் அடைபட்டு அனுபவித்த கட்டுப்பாடுகளுக்கும் இவற்றுக்கும் உள்ள உறவை வாசகர்கள் எளிதில் உணர்வர்.

ஆபிரிக்காவில் இந்த நோய் 1880களின் பிற்பகுதியில் நுழைந்தது. கிழக்கிலும் தெற்கிலும் பல பிரதேசங்களில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகள் மடிந்தன. எதியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின் தொடக்கம் இதுவே. இந்தியாவில் மாட்டுக் கொள்ளைநோய் பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு 1871 இல் அறிக்கை தந்தது. 1889 இல் பூனாவில் நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டு, 1893 இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. மக்கள் குடியிருப்புக்களிலிருந்து விலகிய, குளிர்ந்த மலையுச்சி என்பதே அவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம். 1897 இல் றொபேட் கொக் அங்கு சென்றிருந்தார். 1920களில் அங்கே எட்வேட்ஸ் என்பவர் வெக்கை நோயின் வைரசை ஆடுகளில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலுக்குன்றச் செய்து தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். இந்தியத் துணைக்கண்டத்தின் கோடிக்கணக்கான மாடுகளைக் காத்தது அந்த மருந்து.

மாணவராயிருந்து ஆராய்ச்சியாளர் ஆனவர்கள்

மிருக வைத்தியம் படித்துத் தொற்றுநோய் ஆராய்ச்சிக்குள் நுழைந்தோரின் பட்டியல் நீளமானது. நான்கு பேரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் கிறிபித் எவன்ஸ். வேல்ஸ் நாட்டவர், பிரித்தானிய இராணுவத்தின் மிருக வைத்தியர். 1880 இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள டேரா இஸ்மாயில் கானில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் வாட்டிய சுரா என்ற நோயை ஆராயும்படி பணிக்கப்பட்டார். நோயுற்ற குதிரையின் இரத்தத்தில் நெளியும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு, நோய்க்குக் காரணம் இதுவே என்றார். இந்தியாவிலிருந்த மருத்துவ அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. இரத்தத்தில் வாழும் அத்தகைய உயிரிகள் தீங்கற்றவை என்பது அவர்களின் எண்ணம். எவன்ஸ் சொன்னதே சரியாயிற்று. ஆபிரிக்காவில் மனிதரைக் கொல்லும் உறக்க நோயின் கிருமி இதே இனத்தைச் சேர்ந்தது என்பது அதன் பின்னரே தெரியவந்தது.

இரண்டாமவர் கமீல் கெறான். பாரிசுக்கு அருகிலுள்ள அல்போர் மிருக வைத்தியக் கல்லூரியின் மாணவர். லில் நகரிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் கல்மெற் என்ற மருத்துவருடன் இணைந்தார். இருவரும் 1908 இல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்க்கத் தொடங்கினர். பதின்மூன்று ஆண்டுகளில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தபின் கிருமி தன் கொடுமையை இழந்தது. 1921 இல் அது முதன்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அதுவே பி.சி.ஜி. அப்பெயரின் கடைசி எழுத்துக் கெறானைக் குறிக்கும். இலங்கையிற் பிறந்த குழந்தைகளின் கையிலே சிறு தழும்பாக இருக்கிறதே, அது ஒரு மாட்டு வைத்தியரின் கையொப்பம்.

மூன்றாமவர் வோல்ற்றர் பிளௌரைட். 1944 இல் இலண்டன் றோயல் மிருக வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்று, இராணுவ சேவையில் கென்யா சென்றார். முக்தேசுவரின் ஆட்டுவழித் தடுப்பூசி சில இன மாடுகளில் கடும் எதிர்விளைவை உண்டாக்கியது. பிளௌரைட், முகுகாவில் இருந்த ஆய்வுகூடத்தில், கன்றின் சிறுநீரகக் கலங்களில் வைரசை வளர்த்து, 1960 அளவில் புதியதொரு தடுப்பூசியை ஆக்கினார். எல்லா இன மாடுகளுக்கும் ஏற்றது, ஒரு தடவை போட்டால் போதுமானது, விலை குறைந்தது. 1999 இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

நான்காமவர் பீற்றர் டொஹேட்டி. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரத்தவர். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் மிருக வைத்தியப் பட்டம் பெற்றவர். தொடக்கத்தில் அரசாங்க மிருக வைத்திய அதிகாரியாகப் பணியாற்றிய அவர், மாடுகளில் எலிக்காய்ச்சற் கிருமியைக் கண்டறியும் முறைகள் பற்றி ஆராய்ந்தார். பின்னர் எடின்பரோ சென்று ஆடுகளின் மூளையைத் தாக்கும் வைரசு நோயொன்றை ஆராய்ந்து 1970 இல் கலாநிதியானார். கன்பராவில் சிங்கெர்நாகல் என்ற சுவிஸ் மருத்துவருடன் சேர்ந்தது அதன் பிறகு. வைரசு புகுந்த கலத்தை உடலின் பாதுகாப்புக் கலங்கள் எவ்வாறு இனங்காண்கின்றன என்ற கேள்விக்கு இருவரும் 1970களின் நடுப்பகுதியில் விடை கண்டனர். 1996 இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மிருக வைத்தியர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதற் தடவை.

இந்நால்வரின் பாதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. எவரும் பெரிய கொள்கையொன்றைத் தேடிப் புறப்படவில்லை. கண்முன்னே ஒரு குதிரை, ஒரு மாடு, ஓர் ஆடு நோயுற்றுக் கிடந்தது. அதன் காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் மனிதரின் நோய்களையும் விளங்கிக்கொண்டார்கள்.

மந்தை என்ற கருத்து

மனித வைத்தியரிடம் ஒருவர் வருவார். அவர் அந்த ஒருவரைக் குணப்படுத்துவார். மிருக வைத்தியரை ஒரு பட்டிக்கு அழைப்பார்கள். நூறு மாடுகளில் ஐந்து படுத்துவிட்டன என்றால், படுத்த ஐந்தைவிட நிற்கும் தொண்ணூற்றைந்தைப் பற்றியே அவர் முதலிற் சிந்திக்க வேண்டும். தொற்றுநோயியலின் அடிப்படைச் சிந்தனை இதுதான்.

2020 இல் உலகமெங்கும் விவாதிக்கப்பட்ட "மந்தை எதிர்ப்புச் சக்தி" என்ற தொடர் இதற்கு நல்ல சான்று. மந்தை என்ற சொல் அங்கே உவமையாக வந்ததென்று பலர் எண்ணினர். உண்மையில் அது மாட்டு மந்தையையே குறித்தது. 1910களில் அமெரிக்க மிருக வைத்தியர்கள் மாடுகளிற் பரவிய கருச்சிதைவு நோயை எதிர்கொண்டபோது அத்தொடரைக் கையாண்டார்கள். நோயுற்றுத் தேறிய பசுக்களை விற்காமல் வைத்திருந்து, அவற்றின் கன்றுகளையே வளர்த்து, வெளியிலிருந்து புதிய மாடுகளைக் கொண்டுவராமல் இருந்தால், மந்தைக்குள் நோய் தானே ஓய்ந்துவிடுவதை அவர்கள் கண்டிருந்தனர்.

கொரோனா வைரசின் கதையும் அவ்வாறே. அவ்வினத்தைச் சேர்ந்த வைரசினால் உண்டாகும் நோய்களுள் முதலில் விபரிக்கப்பட்டது, 1931 இல் அமெரிக்காவில் கோழிக் குஞ்சுகளில் கண்ட சுவாச நோய். மனிதரைத் தாக்கும் கொரோனா வைரசுகள் 1960களின் நடுப்பகுதியிலேயே கண்டறியப்பட்டன. அதற்கு முன்னரே கோழிப் பண்ணைகளில் இவ்வகை வைரசுக்குத் தடுப்பு மருந்து பயன்பட்டு வந்தது. 2020 இல் "முன்பின் அறியாத வைரசு" என்று தலைப்பிட்ட பத்திரிகைகள், பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு வரும் மிருக வைத்தியரைக் கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்தின் பழைய கதைகள் சில கிடைத்திருக்கும்.

எல்லை கடந்த ஆடுகள்

இனி இலங்கைக்கு வருவோம். வெக்கை நோய் 1940களில் இலங்கையிலிருந்து நீங்கியிருந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் நாடு அந்நோயின்றி இருந்தது. ஒரு தலைமுறை மிருக வைத்தியர்கள் அதனைப் புத்தகத்தில் மாத்திரமே படித்திருந்தனர்.

1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. இந்திய அமைதிகாக்கும் படை வந்திறங்கியது. அவ்வாண்டிலேயே திருகோணமலைப் பகுதியில் மாடுகளும் எருமைகளும் காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, கழிச்சலில் மடியத் தொடங்கின. சோதித்தபோது வெக்கை நோய் என்பது உறுதியாயிற்று. படையினரின் உணவுத் தேவைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளுடனேயே வைரசு வந்திருக்க வேண்டும் என்பது துறைசார்ந்தோரின் முடிவு. ஆடுகளில் நோய் பெரும்பாலும் வெளித்தெரியாது. பார்வைக்கு நலமாகவே இருக்கும். அங்கிருந்து பிரித்தெடுத்த வைரசு இங்கிலாந்தின் பெர்பிறைற் ஆய்வுகூடத்திற் செம்மறிகளிலும் ஆடுகளிலும் ஆராயப்பட்டு, 1990 இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது.

அந்த ஆண்டுகளின் வரலாற்றை எழுதுவோர் படைகளைப் பற்றியும் உடன்படிக்கைகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். கிழக்கிலே தன் எருமைகளை இழந்த விவசாயியைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. பால், உழவு, சீதனம், சேமிப்பு எல்லாம் அவனுக்கு அந்தப் பட்டிதான். போர் நடந்த பிரதேசத்திலேயே மாடுகளைத் தேடிப் பிடித்துத் தடுப்பூசி ஏற்றவேண்டியிருந்தது. தடுப்பு மருந்து குளிரில் இருக்கவேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் அது எத்தகைய பாடு என்பதை அக்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோர் அறிவர். 1994 க்குப் பிறகு இலங்கையில் அந்நோய் காணப்படவில்லை. இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995 இல், தமிழகத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியில். உலகிற் கடைசியாக 2001 இல் கென்யாவின் காட்டெருமைகளிற் காணப்பட்டது. 2011 இல் வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய்கள் இன்றுவரை இரண்டே: ஒன்று பெரியம்மை, மற்றது இது. பிளௌரைட் 2010 இல் காலமானார்; அந்த அறிவிப்பைக் கேட்க அவர் இருக்கவில்லை.

பன்றி, நுளம்பு, வௌவால்

மனித வைத்தியர்களும் இந்த வழிக்கே வரவேண்டியிருந்தது என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 1985 முதல் 1988 வரை அனுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியது. பேராதனையில் மருத்துவம் கற்று, ஒக்ஸ்போட்டில் வைரசுத் துறையில் கலாநிதியாகித் திரும்பியிருந்த மலிக் பீரிஸ் அதனை ஆராய்ந்த குழுவில் இருந்தார். நோயாளியின் இரத்தத்தைச் சோதிப்பதுடன் அவர்களின் வேலை முடியவில்லை. பன்றிகளின் இரத்தத்தையும், வயலில் பிடித்த நுளம்புகளையும் சோதித்தார்கள். வைரசு பன்றிகளிற் பெருகி, நுளம்பு வழியே மனிதரை அடைகிறது. அதே பீரிஸ்தான் 2003 இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோயின் வைரசைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இதற்கு நேர்மாறான பாடம் மலேசியாவில் கிடைத்தது. 1998 இல் பேராக் மாநிலத்திலும் பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் மூளைக்காய்ச்சலில் இறந்தனர். யப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலிற் கருதப்பட்டது. நுளம்புக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், மரணங்கள் நிற்கவில்லை. அந்த நோய் பொதுவாகப் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே இறந்தவர்கள் பண்ணைகளில் உழைக்கும் வயது வந்தோர். பன்றிகளும் கடுமையாக இருமின. 1999 மார்ச்சிலேயே நிபா என்ற புதிய வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குள் நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அவ்வைரசின் உறைவிடம் பழந்தின்னி வௌவால்கள். 2018 இல் அது கேரளத்தின் கோழிக்கோட்டில் தலைகாட்டியது.

பேராதனைக்குப் போகும் பாதை

இணுவிலிலிருந்து ஒரு மாணவர் இத்துறைக்குச் செல்ல விரும்பினால் அவருக்கு நாட்டிற்குள் உள்ள வழி ஒன்றுதான். இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே உண்டு. 1980 இல் அது தனிப் பீடமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடத்தின் கீழ் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. மிருக வைத்தியர் பட்டம் அங்கே இல்லை. பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னை மிருக வைத்தியக் கல்லூரி 1903 இலிருந்து இயங்கிவருகிறது. 1989 இல் அதனை மையமாகக் கொண்டு இந்தியாவின் முதலாவது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு நிறுவியது.

பட்டப்படிப்பில் அவர் மாடு, ஆடு, நாய், கோழி என்று பல உயிர்களின் உடலமைப்பைப் படிக்கவேண்டும். நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல், இறைச்சி மற்றும் பாலின் சுகாதாரம் ஆகியனவும் பாடங்கள். ஒரே வைரசு ஓர் இனத்தைக் கொல்வதும் மற்றோர் இனத்தில் சாதுவாய் உறங்குவதும் ஏன் என்ற கேள்வி இம்மாணவருக்கு முதலாண்டிலிருந்தே பழக்கமாகிவிடும். தொற்றுநோய் ஆராய்ச்சியின் நடுக் கேள்வி அதுவே.

பட்டத்திற்குப் பின் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. நாட்டின் கால்நடை நோய்களைக் கண்டறிவதும் தடுப்பு மருந்துகள் ஆக்குவதும் அதன் பணி. மேற்படிப்புக்குப் பெர்பிறைற், அவுஸ்திரேலியாவின் ஜீலோங், இந்தியாவின் போபால் போன்ற இடங்களில் அபாயகரமான கிருமிகளைக் கையாளும் உயர்பாதுகாப்பு ஆய்வுகூடங்கள் உண்டு. கணிதம் பிடிக்காமல் உயிரியலுக்கு வந்தேன் என்று சொல்லும் மாணவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நல்லது. இன்றைய தொற்றுநோய் ஆராய்ச்சியில் பாதி புள்ளிவிபரவியல். மீதியில் பெரும்பங்கு, சேற்றில் இறங்கி மாதிரி எடுத்து, அதனைக் குளிர் கெடாமல் ஆய்வுகூடம் சேர்க்கும் பொறுமை.

பாதை நீண்டது என்பதையும் மறைத்தல் ஆகாது. பட்டம் பெற்றுக் கலாநிதியாகும்வரை பத்தாண்டுகளுக்குக் குறையாது. தனியார் மருத்துவமனை வைத்தியரின் வருமானம் இதில் வராது. வெளிநாடு சென்றவர்களுட் பலர் திரும்புவதுமில்லை. இவற்றை அறிந்து செல்பவரே நிலைப்பார்.

"மர்மக் காய்ச்சல்"

இவையெல்லாம் தூரத்துக் கதைகள் என்று எண்ணுவோருக்கு ஓர் அண்மைச் செய்தி. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையால் யாழ் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியது. டிசம்பரில் வடமராட்சிப் பகுதியில் இளவயதினர் உட்படச் சிலர் காய்ச்சல் கண்டு, மூச்சுத் திணறி, சில நாட்களுக்குள் இறந்தனர். குறைந்தது ஏழு உயிர்கள் போயின. பத்திரிகைகள் அதற்கு இட்ட பெயர் "மர்மக் காய்ச்சல்". சோதனைகளின்பின் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. டொஹேட்டி தன் இளமையில் குயின்ஸ்லாந்து மாடுகளில் தேடிய அதே கிருமி வகை.

எலிக்காய்ச்சல் என்று பெயர் இருப்பினும் அது எலியோடு நிற்பதில்லை. மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாவற்றின் சிறுநீரகத்திலும் அக்கிருமி தங்கக்கூடும். சிறுநீர் வழியே வெளியேறி, தேங்கிய நீரில் உயிர்வாழ்ந்து, காலிலுள்ள சிறு காயத்தினூடாக மனித உடலுக்குட் புகும். தெற்கின் ஈரவலய வயல்களில் நன்கு அறியப்பட்ட நோய் அது. வறண்ட குடாநாட்டில் அதனை நாம் பெரிதாய் எண்ணியதில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைக் காப்பாற்றுவது மனித வைத்தியரின் கடமை. எந்த வயலில், எந்த விலங்கில், கிருமியின் எந்த வகை இருக்கிறது என்பதை வெள்ளத்துக்கு முன்னரே அறிந்து வைத்திருப்பது யார் கடமை? மாட்டின் சிறுநீரைச் சேகரித்துச் சோதிக்கும் ஆளின் கடமை. நாம் சிரிக்கிறோமே, அந்த மாட்டு டாக்குத்தர்தான் அந்த ஆள்.

2020 இல் இலங்கைக்குள் புகுந்த தோற்கழலை நோய் வட மாகாணத்து மாடுகளையும் வருத்தியது. மாடுகளுக்கு வந்த நோய், மனிதருக்கு வராது என்று அறிந்ததும் செய்தி உட்பக்கத்துக்குப் போயிற்று. மனிதருக்கும் வரக்கூடிய ஒன்று அடுத்த தடவை வரும்போது அதனை முதலிற் காணப்போகிறவர் எவர் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

மாணிப்பாயில் இருந்து பணியாற்றிய டொக்டர் கிறீன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். மாணிப்பாய் இணுவிலுக்கு அயலூர். மாட்டு வாகடம் என்று ஏட்டுச்சுவடிகள் கொண்ட மொழி எங்களுடையது. ஆயினும் நவீன மிருக வைத்தியத்துக்குக் கிறீன் செய்ததைப் போன்றதொரு பணியை எங்கள் மண்ணில் எவரும் எடுத்துச் செய்யவில்லை. தோட்டக்காரரும் பால்மாடு வளர்ப்போரும் தம் மாட்டின் நோயை உரிய நேரத்திற் சொல்லத் தெரிந்துகொள்ள எளிய தமிழில் எழுதப்பட்ட நூல்கள் வேண்டும். அப்பணியையும் இந்தப் பாதையிற் செல்லும் மாணவர்களே செய்யவேண்டும்.

அடுத்த பெறுபேறுகள் வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளையொன்றுக்குப் பேராதனை மிருக வைத்திய பீடத்திலிருந்து அனுமதிக் கடிதம் கிடைத்தால், "திரும்ப எடு" என்று சொல்லுமுன் பெற்றோர் ஒரு கேள்வி கேட்கலாம். அந்தப் பிள்ளைக்கு நோய்களின் காரணத்தைத் தேடும் ஆவல் இருக்கிறதா? இருந்தால், அக்கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு சோடி சேற்றுச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.